மூன்று மைலுக்கு அப்பால் பாவமில்லை

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். கப்பல் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும்வரை நீச்சல் குளம் திறந்திருக்கும், பஃபே திறந்திருக்கும், ஆளுயரக் கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள். கேசினோ மட்டும் விளக்கணைத்து, வாசலில் கயிறு கட்டி, ஏகாதசி விரதம் மாதிரி அமைதியாக இருக்கும். கயிற்றுக்கு வெளியே நாலு பேர், ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவர்களின் அதே முகபாவத்தோடு நிற்பார்கள். கப்பல் கிளம்பும். கரை மங்கும். யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டியதும் கயிறு அவிழும். மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கண் விழித்துக் கிணிகிணிக்கும். அதே மேஜை, அதே சீட்டு, தோற்கப்போகிற அதே ஆள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆடினால் குற்றம், அந்தப் பக்கம் ஆடினால் உல்லாசம்.

இந்தக் கோட்டைப் போட்டது தர்மதேவதை இல்லை, பீரங்கி. 1702இல் வான் பின்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட மேதை ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு ராஜாவின் ஆயுதம் கரையிலிருந்து எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம்தான் அவருடைய கடல். குண்டு விழுகிற இடம்வரை சட்டம், அதற்கு மேல் மீன் பாடு, மனிதன் பாடு. ஆனால் ஊருக்கு ஊர் பீரங்கி வேறு, வெடிமருந்து வேறு. ஒவ்வொரு கரையிலும் போய்ச் சுட்டுப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? 1782இல் கலியானி என்ற இத்தாலியப் பாதிரியார் பஞ்சாயத்தை முடித்துவைத்தார். பீரங்கி இருக்கிறதோ இல்லையோ, எல்லாருக்கும் பொதுவாக மூன்று மைல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். 1793இல் அமெரிக்காவும் அதையே பிடித்துக்கொண்டது. தான் சொன்ன கணக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து ரூலெட் மேஜை போடுகிறவர்களுக்கு வாஸ்து சாஸ்திரமாக உதவும் என்று பாதிரியார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கலிஃபோர்னியாவில் அந்தக் காலத்தில் சூதாட்டம் குற்றம். அதற்காக லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பஜனை பாடவில்லை. மாடி அறைகளில், பின்கட்டுகளில், மாமூல் வாங்குகிறவர் வாங்க, ஆட்டம் ஜோராக நடந்தது. மாமூல் ஏறிக்கொண்டே போனபோதுதான் யாரோ ஒரு புண்ணியவானுக்கு மூன்று மைல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். 1928இல் லாங் பீச் ஊருக்கு எதிரே கடலில் ஜோஹானா ஸ்மித் என்ற பழைய கப்பல் வந்து நங்கூரம் போட்டது. பின்னாலேயே மான்ஃபால்கோனி. இவையெல்லாம் எங்கேயும் போகிற கப்பல்கள் இல்லை. கப்பலின் வேலை போவது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. இவற்றின் வேலை நிற்பது. சரியான இடத்தில் நிற்பது. மான்ஃபால்கோனி 1930இல் எரிந்துபோனது, ஜோஹானா ஸ்மித் 1932இல் எரிந்துபோனது. காலியான இடத்துக்கு அடுத்த கப்பல் வந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாதிரி, கடை போனாலும் இடத்துக்கு மவுசு போகாது.

அதில் ஒன்று மான்டே கார்லோ. சிமெண்டுக் கப்பல். ஆமாம், சிமெண்டுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்க அரசு கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுக் கப்பல் செய்யலாம் என்று கிளம்பியது. நம்மூர் மேஸ்திரியிடம் சொன்னால் முதலில் சிரிப்பார், அப்புறம் அட்வான்ஸ் கேட்பார். அப்படிக் கட்டி, போரெல்லாம் முடிந்த பிறகு 1921இல் தண்ணீரில் இறங்கிய எண்ணெய்க் கப்பல் அது. வயதான காலத்தில் சூதாட்ட விடுதி ஆயிற்று. 1935இல் துப்பாக்கியோடு ஒரு கும்பல் படகில் வந்து ஏறி, பணத்தையும் நகையையும் வாரிக்கொண்டு போனது. இருபதாம் நூற்றாண்டில், சினிமா எடுக்கிற ஊருக்கு எதிரே, நிஜக் கடற்கொள்ளை! சட்டம் எட்டாத இடத்தில் கடை போட்டால் இது ஒன்று உண்டு: திருடன் வந்தால் போலீஸைக் கூப்பிடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இனி நம் கதாநாயகன். பெயர் அந்தோணி கொர்னேரோ, ஊரார் வாயில் டோனி. 1899இல் இத்தாலியின் பீட்மாண்ட் பக்கம் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அகலமான தொப்பி ஒன்றைத் தலையிலிருந்து இறக்கவே மாட்டார் என்பதால் தொப்பி டோனி. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் டோனிக்கு நாட்டுப்பற்று பொங்கியது. கடலில் கப்பல் கப்பலாகச் சரக்கு கொண்டுவந்து இறக்கினார். கேட்டதற்கு, கண்ட கண்ட விஷச் சாராயத்தைக் குடித்து ஜனங்கள் சாகக்கூடாதே என்றுதான் நல்ல சரக்கு கொண்டுவருகிறேன் என்கிற மாதிரி விளக்கம் கொடுத்தார். பொது சுகாதாரத் துறையில் இருக்க வேண்டிய மனிதர். 1926இல் மாட்டிக்கொண்டார். சிறைக்கு அழைத்துப் போகிற வழியில் ரயிலிலிருந்து குதித்து ஓடி, கனடா, ஐரோப்பா என்று சுற்றிவிட்டு, 1929இல் தானே திரும்பி வந்து சரணடைந்து, இரண்டு வருஷத் தண்டனையை வாங்கிக்கொண்டார்.

1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருஷம் கொர்னேரோ சகோதரர்கள் லாஸ் வேகாஸில், ஊருக்கு வெளியே ‘மெடோஸ்’ என்று ஒரு ஜோரான விடுதியைத் திறந்தார்கள். அதே வருஷம் விடுதி எரிந்தும் போனது. இந்தக் கதையில் நெருப்பு இவ்வளவு தடவை வருவது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நிலம் ராசியில்லை என்று டோனி மறுபடி நீருக்கே வந்தார். டேங்கோ என்ற சூதாட்டக் கப்பலில் பங்குதாரரானார். கூட்டாளியோடு தகராறு வந்தது. யார் கப்பலை விட்டுப் போவது என்று தீர்த்துக்கொள்ள இரண்டு பேரும் தாயக்கட்டை உருட்டினார்கள், டோனி தன் பங்கையே தோற்றார் என்று ஒரு கதை உண்டு. தர்மபுத்திரர் இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் தர்மபுத்திரர் தோற்றபின் காட்டுக்குப் போனார். டோனி போய் இன்னும் பெரிய கப்பல் வாங்கினார்.

அதுதான் ரெக்ஸ். 1887இல் கெனில்வொர்த் என்ற பெயரில் கட்டிய நான்கு பாய்மரக் கப்பல். பிறகு ஸ்டார் ஆஃப் ஸ்காட்லாந்து என்று பெயர் மாறி அலாஸ்காவுக்குச் சால்மன் மீன் ஏற்றப் போய்வந்து, கடைசியில் சாண்டா மோனிகா பக்கம் தூண்டில்காரர்கள் உட்கார்ந்து மீன் பிடிக்கிற மிதக்கும் திண்ணையாகத் தேய்ந்து கிடந்தது. டோனி அதை வாங்கி, லட்சக்கணக்கான டாலரைக் கொட்டி, மேலே நீளமாக ஒரு கூடம் எழுப்பி, 1938 மே மாதம் சாண்டா மோனிகாவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். கரையிலிருந்து மூன்று மைலுக்கு மேல் கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சூண்டில்தான் அவருடைய மொத்த மூலதனமும் மிதந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாண்டா மோனிகா கடல்பாலத்தின் முனையில் வரிசை. தட்டச்சுக்காரி, கசாப்புக் கடைக்காரர், பல் டாக்டர், அவர்களுக்கு நடுவே கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு சினிமா நட்சத்திரம். 25 சென்ட் கொடுத்தால் நீர் டாக்சி. படகு குதித்துக் குதித்துப் போகும். கப்பலின் பக்கத்தில் தொங்கும் மேடைக்கும் படகுக்கும் நடுவில் அலை ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். ஏறுகிற நொடி பார்த்துக் கால் வைக்க வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்புப் போட்ட பெண்களைப் படகுக்காரர் ஒரு கை, கப்பல்காரர் ஒரு கை பிடித்துத் தூக்கிவிடுவார்கள். அன்றைய ராத்திரியில் நிச்சயமாக ஜெயித்தது அந்த ஒரு பந்தயம்தான். உள்ளே போனால் ரூலெட், தாயம், சீட்டு, நூற்றுக்கணக்கில் ஸ்லாட் மெஷின், நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பிங்கோ ஆடும் கூடம், குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்ட ஓர் இடம், நல்ல சாப்பாடு, பாட்டு. படுக்க மட்டும் இடம் கிடையாது. தூங்குகிற வாடிக்கையாளரால் முதலாளிக்கு என்ன லாபம்?

டோனி ரகசியமாகத் தொழில் செய்கிற ஆள் இல்லை. செய்தித்தாளில் பெரிய பெரிய விளம்பரம். வானத்தில் விமானப் புகையால் எழுத்து. எங்கள் கப்பலில் ஓர் ஆட்டமாவது மோசடி என்று நிரூபித்தால் 1,00,000 டாலர் பரிசு என்று சவால் வேறு. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. ரூலெட்டில் முதலாளி ஏமாற்றவே வேண்டாம், பச்சைப் பூஜ்யம் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும். தன் வாடிக்கையாளர்களை டோனி செல்லமாக அணில்கள் என்பார். நம் கதையில் அணில் மணலைச் சுமந்து கடலில் கொட்டிப் பாலம் கட்ட உதவியது, ராமர் முதுகில் தடவிக்கொடுத்தார். டோனியின் அணில்கள் சம்பளத்தைச் சுமந்து கடலில் கொட்டின. தடவிக்கொடுத்தது பாக்கெட்டை.

கரையில் இருந்த அதிகாரிகளுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். ஆனால் மூன்று மைல் குறுக்கே நின்றது. அப்போதுதான் ஒருவருக்குப் பிரமாதமான ஒரு சந்தேகம் வந்தது. மூன்று மைல், சரி. எங்கேயிருந்து?

நிலத் தகராறில் சர்வேயர் வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியின் வீரியம் புரியும். எங்கள் பெரியப்பா வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே ஒன்றரை அடி. சங்கிலியின் நீளத்தில் இரண்டு தரப்புக்கும் சண்டையே இல்லை. முதல் ஆணியை எந்தக் கல்லில் அடிப்பது என்பதில்தான் பதினோரு வருஷம் வழக்கு நடந்தது. அளக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் அளவு.

சாண்டா மோனிகாவின் கரை உள்வாங்கி வளைந்த கரை. வடமேற்கே டூம் முனை, தெற்கே விசென்டே முனை; இரண்டுக்கும் நடுவே சுமார் 25 கடல் மைல். இது குடா என்றால், இரண்டு முனைக்கும் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு வெளியே மூன்று மைல் அளக்க வேண்டும். ரெக்ஸ் கலிஃபோர்னியாவின் மடியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆகும். குடா இல்லை, சும்மா ஒரு வளைவுதான் என்றால், மணலில் நின்று அளக்கலாம். ரெக்ஸ் சுதந்திர பூமியில், இல்லை, சுதந்திர நீரில் நிற்கிறது. வரைபடத்தில் பெயரே சாண்டா மோனிகா குடா என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதனால் என்ன, பெயரில் ராஜா என்று இருந்தால் எல்லாரும் ராஜாவா என்பது டோனி தரப்பு வாதத்தின் சாரம். வக்கீல்கள் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறினார்கள். கீழே தண்டனை, நடுவில் விடுதலை. பூமியில் ஒரு பள்ளத்தின் வடிவத்தை வைத்து ஒருவர் குற்றவாளியா நிரபராதியா என்று தீர்மானித்தது அநேகமாக வேறு எங்கும் நடந்திருக்காது. நாம் மட்டும் என்ன? கோவாவில் மாண்டவி ஆற்றுக்குள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் கப்பலுக்கு அரசாங்கக் காகிதத்தில் பெயர், கடலோர கேசினோகூட இல்லை, ‘ஆஃப்ஷோர்’ கேசினோ. கரையைத் தாண்டியது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மதுவிலக்குக் காலத்தில் சாராயக் கப்பல்களைப் பிடிக்க மூன்று மைல் போதவில்லை என்று அமெரிக்கா 1924இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் ஒரு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடக்கூடிய தூரம்வரை சோதனை போடலாம் என்று நீட்டிக்கொண்டது. ஆக, குடிக்கு ஒரு தூரம், சூதுக்கு ஒரு தூரம். பரத்தமைக்கு எத்தனை மைல் என்று யாரும் நிர்ணயிக்காமல் விட்டது பெரிய குறை.

1939 ஜனவரியில் ஏர்ல் வாரன் என்பவர் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். பெரிய உருவம், கண்ணாடி, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் முகம். குடாவா வளைவா என்பதை நீதிபதிகள் யோசித்துக்கொண்டிருக்கட்டும் என்று அவர் வேறு வழியில் வந்தார். கப்பல் எங்கே நின்றால் என்ன, அது கரையில் உள்ள குடும்பங்களைக் கெடுக்கிறது, எனவே பொதுத் தொல்லை என்றார். சாக்கடை அடைத்துக்கொண்டால் முனிசிபாலிட்டி வருகிற அதே சட்டம். ஆகஸ்ட் 1ஆம் தேதி படை கிளம்பியது. போர்க்கப்பலா இருக்கிறது மாநில அரசிடம்? மீன்வளத் துறையின் ரோந்துப் படகுகளும், அணில்களை ஏற்றிப்போன அதே நீர் டாக்சிகளும்தான் கடற்படை. அன்று குறி நான்கு கப்பல்: லாங் பீச் பக்கம் டேங்கோ, ஷோபோட், சாண்டா மோனிகா பக்கம் டெக்ஸாஸ், ரெக்ஸ். முதல் மூன்றும் அதிக ரகளை இல்லாமல் கைக்கு வந்துவிட்டன.

ரெக்ஸ் வரவில்லை. டோனி படிக்கட்டு மேடையின் இரும்புக் கதவை அடைத்தார். அதிகாரிகள் நெருங்கியதும் தீயணைக்கும் குழாய்களைத் திருப்பிவிட்டார். மாநிலத்தின் மாண்பு, சட்டத்தின் மாட்சி எல்லாம் கோட்டும் டையுமாகப் படகில் நின்றபடி உப்புத் தண்ணீரில் குளித்தன. இரண்டு தரப்பிலும் யாரும் சுடவில்லை. ஒரு தரப்பிடம் வாரண்டு, இன்னொரு தரப்பிடம் தண்ணீர். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் வீட்டில் என்ன சொல்வது என்று கவலையோடு கிடந்து, பிறகுதான் கரை சேர்ந்தார்கள். பெண்டாட்டியிடம் ‘ஆபீஸில் வேலை’ என்று சொல்லிவிட்டு வந்தவர் மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கப் புகைப்படத்தில் கம்பளி போர்த்தி இறங்கியிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் பதிவு செய்யவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் முக்கியமானதை விட்டுவிடுவார்கள்.

முற்றுகை ஒரு வாரத்துக்கு மேல் நீண்டது. இதற்குச் சாண்டா மோனிகா விரிகுடாப் போர் என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. பெயரிலேயே குடா வந்துவிட்டதை டோனியின் வக்கீல் கண்டித்திருக்க வேண்டும். கப்பலில் சாப்பாடு இருந்தது, சரக்கு இருந்தது, உலகத்துச் சீட்டுக்கட்டெல்லாம் இருந்தது. கடைசியில் டோனியே இறங்கி வந்தார். காரணம் கேட்ட நிருபர்களிடம், முடி வெட்ட வேண்டியிருந்தது, கப்பலில் நாவிதர் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னதாக அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். ரூலெட் சுற்ற ஆள், சூப்பு வைக்க ஆள், கிளாரினெட் ஊத ஆள் என்று எல்லாரையும் யோசித்து வேலைக்கு எடுத்தவர் ஒரே ஒரு கத்திரிக்கோலில் கோட்டைவிட்டார்.

நவம்பரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அது குடாதான். ஒரே நாளில் கலிஃபோர்னியாவுக்குப் பெரிய தண்ணீர்ப் பரப்பு சொந்தமாயிற்று. ரெக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தபடி வெளிநாட்டிலிருந்து உள்ளூருக்குக் குடிபெயர்ந்தது. அதிகாரிகள் ஸ்லாட் மெஷின்களைக் கைப்பிடிச் சுவர்மேல் தூக்கிவைத்துக் கடலுக்குள் தள்ளினார்கள். அந்தப் புகைப்படத்தில் எல்லார் முகத்திலும் பிள்ளையார் கரைக்கிற சந்தோஷம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். ரெக்ஸ் மறுபடி ஸ்டார் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகி, ஆறு பாய்மரம் கட்டி, உலகப் போர் நடுவே மரம் ஏற்றி ஆப்பிரிக்கா போயிற்று. 1942 நவம்பரில் தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கேப்டனும் ஆட்களும் உயிர்காப்புப் படகில் 18 நாள் போராடி, ஆயிரம் மைல் தாண்டி அங்கோலாக் கரை சேர்ந்தார்கள். மூன்று மைல் கப்பலுக்கு அப்படி ஒரு சாவு. வாரன் கவர்னராகி, 1953இல் அமெரிக்காவின் தலைமை நீதிபதியே ஆகிவிட்டார். மறு வருஷம் பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த அதே வாரன்தான். தன் ஆட்கள்மேல் அடித்த தண்ணீர் மனிதரை ஒன்றும் கெடுக்கவில்லை.

டோனி திருந்தினாரா? 1946இல் லக்ஸ் என்று இன்னொரு கப்பலோடு லாங் பீச்சுக்கு எதிரே வந்து நின்றார். இந்தத் தடவை மாநிலம் இல்லை, ஜனாதிபதி ட்ரூமனே கோபித்துக்கொண்டார். கடலோரக் காவல்படை கப்பலைப் பிடித்தது. 1948 ஏப்ரலில் சூதாட்டக் கப்பல்களுக்கு என்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தனி ஒரு மனிதனுக்காகப் பாரதி உலகத்தை அழிக்கச் சொன்னார். அமெரிக்கா தனி ஒரு தொப்பிக்காகச் சட்டம் இயற்றியது. அதே வருஷம் பிப்ரவரியில் பெவர்லி ஹில்ஸ் வீட்டு வாசலில் யாரோ டோனியின் வயிற்றில் சுட்டார்கள். பிழைத்தார். லாஸ் வேகாஸில் ஸ்டார்டஸ்ட் என்ற பிரம்மாண்ட விடுதியைக் கட்ட ஆரம்பித்தார். அது முடியும் முன், 1955 ஜூலை 31 அன்று, டெஸர்ட் இன் விடுதியில் தாய மேஜையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். சட்டப்படி நடக்கும் ஆட்டம், உறுதியான தரை, சுற்றிலும் பாலைவனம். கடல் எங்கேயோ இருந்தது.

அந்தச் சிமெண்டுக் கப்பலை மறந்துவிட்டோமே. மான்டே கார்லோவைத் தெற்கே சான் டியேகோ பக்கம் இழுத்துப்போய் கொரொனாடோவுக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். 1937 புத்தாண்டுப் புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்தது. கப்பல் அலையோடு அலையாக வந்து, எந்த வாரண்டும் இல்லாமல், மூன்று மைலையும் தானே கடந்து, கரை மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என்னுடையது என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. வந்து சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இன்றைக்கும் குளிர்காலப் புயல் மணலை அரித்துப்போன பிறகு, நீர் வற்றுகிற நேரத்தில், அதன் விலா எலும்புகள் பாசி படிந்து வெளியே தெரியும். வெள்ளி டாலர்கள் உள்ளே புதைந்திருப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாளியும் கையுமாகப் பிள்ளைகள் தோண்டிக்கொண்டிருக்கும்.